மதிலுக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று

கேள்வி: வீட்டுக்குக் கிழக்கே நாற்பது அடி மதில், மேற்கே வயலை ஒட்டிக் கம்பிவேலி. இரண்டிலும் வெள்ளைப் பூக்கொடி படரவிட ஆசை. எதை வைக்கலாம்? – வாசகி, மன்னார்குடி

மதிலுக்கு முல்லைதான். திருக்கருகாவூர்க் கோயிலின் தலவிருட்சமே அதுதான். வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லைகளில் அதைப் பயிராகவே செய்கிறார்கள். ஆனால் முல்லை சுவரைப் பற்றி ஏறாது. சுற்றிக்கொள்ளப் பிடி வேண்டும். மதிலிலிருந்து நாலு விரல் தள்ளிக் கம்பி இழுத்துக் கட்டுங்கள். சுவருக்கும் காற்றோட்டம் இருக்கும்.

உங்கள் பக்கம் பெரும்பாலும் களிமண். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் முல்லை வேர் அழுகிவிடும். அதனால் ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பி, தரையைவிட முக்கால் அடி உயரமாக மேடு கட்டி நடுங்கள். (இன்றைய விலைக்கு மணல் கட்டாது என்றால், மில்லில் கிடக்கும் பழைய உமி போதும்.) ஆடியில் நட்டால் மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

தை மாதக் கடைசியில் கவாத்து. பூவுக்காகப் பயிர் செய்பவர்கள் ஒன்றரை அடிக்கு மேல் மொத்தமும் வெட்டிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்தால் மதில் மொட்டையாகிவிடும். முற்றிய கொடிகளில் பாதியை மட்டும் கழியுங்கள். இலையிலும் குருத்திலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் தெரிந்தால் பூஞ்சணம் என்று நினைத்துவிட வேண்டாம். முல்லையில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. அந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள்.

சரி, வேலிக்கு? வெள்ளைச் சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் சீக்கிரமே படரும். ஆனால் அது ஆடுமாடுகளுக்கு நல்ல தீவனம். வயல் பக்கம் நீட்டிய கொடி ஒன்றும் மிஞ்சாது. அங்கே முள்ளுள்ள வெள்ளைக் காகிதப்பூதான் நிற்கும். வாசனை கிடையாது. வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். அது வேலியை மூடும்வரை உள்பக்கம் சங்குப்பூ இருந்துவிட்டுப் போகட்டும்.

நர்சரியில் ரங்கூன் மல்லியை எடுத்து நீட்டுவார்கள். சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவந்துவிடும். உங்களுக்குச் சரிவராது. முல்லைக்கு நர்சரிப் பக்கமே போக வேண்டாம். தெருவில் யார் வீட்டில் நன்றாகப் பூக்கிறதோ, அவர்களிடம் ஒரு பதியன் போட்டுத் தரச் சொல்லுங்கள்.