மனநலமும் உள்ளாட்சியும்: இந்த மாதக் கடிதங்கள்

கே: எங்கள் ஊராட்சியே ஒரு மனநல மருத்துவரை வைத்துக்கொண்டால் என்ன?

ப: தேவையில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் திருச்சியில் தொடங்கி இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு உங்கள் பக்கத்துக்கு என்றைக்கு வருகிறது என்று கேட்டு, ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள். கதவைச் சாத்திப் பேச ஓர் அறை கொடுங்கள். வராண்டாவில் உட்கார வைத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கே: சிகிச்சை பெறுவோர் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கலாமா?

ப: கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அது ரகசியம்.

கே: என் தம்பி ஒரு மாதிரி இருக்கிறான். உதவி என்ன? உடனே பதில் தேவை.

ப: ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, தூங்குகிறானா என்று இல்லை. உடனே பதில் வேண்டுமென்றால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் இலவசம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கே: பேருந்து நிலையத்தில் மனநிலை பாதித்த ஒருவர் திரிகிறார். வியாபாரிகள் புகார் சொல்கிறார்கள். பேரூராட்சி வண்டியில் ஏற்றி வேறு ஊரில் விட்டுவிடலாமா? (வார்டு உறுப்பினர்)

ப: கேட்டுவிட்டாவது செய்ய நினைத்தீர்களே, அதுவரை சந்தோஷம். பல ஊர்களில் கேட்காமலே ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டுபோய் மாவட்ட எல்லையில் இறக்கிவிடுகிறார்கள். நான் பணியில் இருந்தபோது தெலுங்கு பேசும் ஒருவரை ஒரே வருடத்தில் மூன்று ஊர்களில் பார்த்தேன். கால் புண் மட்டும் ஊருக்கு ஊர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருவழியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் போலத்தான் இருக்கும், ஊர் பெயரைச் சொன்னார், அண்ணன் பெயரைச் சொன்னார். அண்ணன் வந்து அழைத்துப்போனார். வண்டிக்குப் போட்ட டீசலில் பாதி இருந்தால் முதல் ஊரிலேயே இது முடிந்திருக்கும்.

அதே 2017 மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைப் படியுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். நிலையத்தில் தட்டிக்கழித்தால் எழுத்தில் மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பேரூராட்சி வண்டி தாராளமாகப் போகட்டும், மருத்துவமனைக்கு. வண்டியில் ஏற்றும்போது கயிறு வேண்டாம். குடும்பம் கிடைத்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை அவர்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள்.

கே: அக்டோபர் 10, உலக மனநல நாளுக்குப் பேரணி நடத்தலாமா?

ப: நடத்துங்கள். அப்புறம் மறுநாள், மாத்திரை வாங்க வராமல் நின்றவர்களைத் தேடிப்போக வண்டி வேண்டுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். பேனர் செலவில் அது ஆகும்.

கே: பூச்சிமருந்து குடித்துச் சாவது எங்கள் ஊரில் அதிகம். ஊராட்சி என்ன செய்ய முடியும்?

ப: மருந்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் ஒரு பொதுக் கட்டடத்தில் விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. ஆத்திரம் வரும் நேரத்தில் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான். மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட் இங்கே தடை. கடையில் தொங்கினால் வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். பெட்டிக்கு இரண்டு சாவி போடுங்கள், இன்னொன்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கட்டும்.