ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்வளம் கூட, கதைப்புத்தகம் போதுமா, சொல் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கவேண்டுமா?

மகன் பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு, அடுத்த வருடம் தொடக்கநிலை 1, நீங்களும் கணவரும் ஆங்கிலம், மாமியார் மட்டும் தமிழ். நீங்கள் எழுதியது இவ்வளவுதான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு சொல் பட்டியலைப் போட்டிருப்பார், அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன்.

என் பதில், கதைதான். நான் ஆசிரியர் இல்லை, ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். "என் மகள் பட்டியல் படித்துத்தான் தமிழில் ஏஎல்1 வாங்கினாள்" (ஏஎல்1 என்பது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மிக உயர்ந்த தரநிலை) என்று எழுத வருபவர்கள் தாராளமாக எழுதுங்கள். பன்னிரண்டு வயதில் தேர்வுக்குப் பட்டியல் உதவும், யார் இல்லை என்றது? நான் பேசுவது ஐந்து வயதைப் பற்றி.

எங்கள் வீட்டுச் சின்னவளை, மைத்துனர் சொன்னாரே என்று ஒரு துணைப்பாட நிலையத்தில் சேர்த்திருந்தோம். வாரம் ஒரு தாள் வரும். விலங்குகள், பழங்கள், தொழில்கள், வாகனங்கள். படத்தைக் காட்டினால் கடகடவென்று சொல்வாள். ஆனால் கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் ஆங்கிலம்தான். அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. படம் போட முடிந்த பெயர்ச்சொற்கள் மட்டுமே இருந்தன. ஏமாந்துபோவது, சமாளிப்பது, பொறாமைப்படுவது எதற்கும் அங்கே இடமில்லை. கதையில் அப்படி இருக்கமுடியாது. யாராவது எதற்காவது ஆசைப்படவேண்டும், பயப்படவேண்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவேண்டும். அந்தச் சொற்கள் இல்லாமல் கதை நகராது.



அப்புறம் நூலகத்திலிருந்து ஒரு குட்டி யானைக் கதையை எடுத்துவந்தோம். ஆற்றில் இறங்கத் தயங்கும் யானை. 21 நாள் தவணை, அதையும் நீட்டித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி அதையே எடுத்தோம். மனைவிக்கு யானையைக் கண்டாலே எரிச்சல். புத்தகத்தில் உள்ளதை எழுத்துத் தமிழில் அப்படியே வாசிப்பேன், நடுநடுவே பேச்சுத் தமிழில் வம்பளப்போம். "ஏன் இது இறங்க மாட்டேங்குது?" "அம்மா யானைக்குக் கோவமா?" அவ்வளவுதான். எந்தச் சொல்லையும் நிறுத்தி விளக்கவில்லை. ஒருநாள் எங்கள் புளோக் மின்தூக்கியின் கதவு பாதி மூடி, திறந்து, மறுபடி மூடப்பார்த்தது. "அப்பா, லிஃப்ட் தயங்குது" என்றாள். எந்தத் தாளிலும் இல்லாத சொல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது வீண் என்று சொல்வார்கள். 2011இல் ஜெசிக்கா ஹார்ஸ்ட் என்பவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. வெவ்வேறு கதைகளைக் கேட்ட 3 வயதுப் பிள்ளைகளைவிட, ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்கள் புதுச்சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் செய்த ஆய்வுதான், தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்று சண்டைக்கு வராதீர்கள். 1988இல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டதில், படித்த பெரியவர்கள் தமக்குள் பேசும் பேச்சைவிடப் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் அரிய சொற்கள் அதிகம். நம் வீடுகளில் தமிழ்ப் பேச்சு "சாப்பிட்டியா, குளிச்சியா" வரைக்கும்தான் என்றால், இடைவெளி இன்னும் பெரிதாகத்தானே இருக்கும்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடுதான். அதனால் வீட்டில் ஆங்கிலம் பேசுவதற்காக உங்களைக் குறை சொல்ல நான் யார்?

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று ஆரம்பிக்கும் புத்தகங்களை அங்கேயே வைத்துவிடுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். அவன் சிரிக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், முடித்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

உங்கள் உச்சரிப்பு சரியில்லை என்று தயக்கமாக இருந்தால் மாமியாரிடம் கொடுங்கள். கண் தெரியவில்லை என்பார். பரவாயில்லை, படத்தைப் பார்த்து அவர் இஷ்டத்துக்குக் கதை சொல்லட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.