பகிர்ந்த கோப்புறையில் 'ரைட்' அனுமதி கொடுத்தும் எக்செல் கோப்பைச் சேமிக்க முடியவில்லை, ஏன்?

'ரைட்' (Write, எழுதும் உரிமை) போதாது, 'மாடிஃபை' (Modify, மாற்றவும் அழிக்கவும் உரிமை) கொடுங்கள். பெரும்பாலும் அதுவே தீர்வு.

திருகோணமலை உவர்மலையில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊழியர் சேமலாப நிதிப் பட்டியலை அனுப்ப வேண்டிய மாதக் கடைசியில் அங்கேயும் இதே சிக்கல் வந்தது. "தம்பி, புதுக் கோப்பு போட்டால் ஏற்கிறது. பழையதில் ஓர் இலக்கத்தை மாற்றினால் மறுக்கிறது" என்றார் கணக்கு எழுதும் அக்கா. விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது.

எக்செல் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி, அதில் எல்லாவற்றையும் எழுதி, பழையதை அழித்துவிட்டு அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுகிறது. 'ரைட்' அனுமதியில் அழிக்கும் உரிமை கிடையாது, 'மாடிஃபை'யில் உண்டு. நீட்சி (.xlsx போன்ற பின்னொட்டு) எதுவுமின்றி எட்டு எழுத்துப் பெயருடன் கோப்புகள் அங்கே சேர்ந்து கிடந்தால், இதுதான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

அப்படியும் சரிவராவிட்டால் அடுத்த பூட்டைப் பாருங்கள். விண்டோஸில் கோப்புறையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது: 'செக்யூரிட்டி' பகுதியில் ஒன்று, 'அட்வான்ஸ்ட் ஷேரிங்' உள்ளே இன்னொன்று. வலையமைப்பு வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இரண்டாவதில் 'எவ்ரிவன்' (எல்லோரும்) என்பதற்கு வாசிக்கும் உரிமை மட்டுமே இயல்பாக இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கோப்புறை உள்ள கணினியிலேயே அதே பயனர் பெயரில் நுழைந்து சேமித்துப் பாருங்கள். அங்கே முடிந்து, மற்றக் கணினியிலிருந்து முடியாவிட்டால் தடை பகிர்வு அனுமதியில் இருக்கிறது.

பயனரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்திருந்தால், அவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். அதுவரை பழைய உரிமைதான்.

எல்லோருக்கும் 'ஃபுல் கன்ட்ரோல்' (முழு உரிமை) கொடுத்துவிடு என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு கணினியில் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தால், அந்தப் பயனர் எழுதக்கூடிய கோப்புறைகளையெல்லாம் அது பூட்டிவிடும். சம்பளப் பட்டியலைத் தொட வேண்டியவர் இருவர் என்றால், அந்த இருவரை மட்டும் ஒரு குழுவாக்கி அந்தக் குழுவுக்கு 'மாடிஃபை' கொடுங்கள். உவர்மலையில் அப்படித்தான் செய்தேன். அன்று மாலையே பட்டியல் போய்விட்டது.