கொழும்பில் சட்டம் படிக்கப் போகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: உயர்தரம் முடித்து இந்த வருடம் கொழும்பில் சட்டம் படிக்கத் தொடங்குகிறேன். அரசியலமைப்புச் சட்டம்தான் ஆட்களைக் கவிழ்க்கும் பாடம் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். உறுப்புரைகளை எல்லாம் பாடமாக்க வேண்டுமா? தமிழ் மாணவருக்கு இது கூடுதல் கஷ்டமா?

பதில்:

பாடமாக்க வேண்டியது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 1978 அரசியலமைப்பில் 172 உறுப்புரைகள் இருக்கின்றன. முதல் நான்கு, 10 முதல் 17 வரையான அடிப்படை உரிமைகள், சனாதிபதியின் அதிகாரங்கள் வருகிற பகுதி, 80 முதல் 84 வரை, 120 முதல் 126 வரை, மாகாண சபைகள் பற்றிய 154இன் முக்கியமான துண்டுகள். இவ்வளவும் தலையில் இருந்தால் பரீட்சை மண்டபத்தில் கை நடுங்காது. மிச்சத்தைத் தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கலாம்.

பலர் கவிழ்வதற்குக் காரணம் வேறு. அந்தச் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கிறார்கள். காணிச் சண்டை என்னவென்றே தெரியாமல், சண்டை முடிந்த பிறகு எழுதிய உறுதியை வாசிப்பது போல அது. ஒவ்வொரு உறுப்புரைக்கும் பின்னால் யாரோ யாரோடோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தால் உறுப்புரை தானாக மனதில் நிற்கும்.

அதனால் வழக்குகளில் இருந்து தொடங்குங்கள், ஆண்டு வரிசையில். யார் நீதிமன்றம் போனார், என்ன கேட்டார் என்று பாருங்கள். அதோடு, நீதிமன்றம் எந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டது என்றும் பாருங்கள். எங்கள் நாட்டில் பாதிப் பாடம் இந்தக் கடைசி விஷயத்துக்குள்தான் இருக்கிறது.

கோடீஸ்வரன் வழக்கை எடுங்கள். தமிழ் மாணவர் எல்லோருக்கும் பெயர் தெரியும், தீர்ப்பை வாசித்தவர் குறைவு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வருகிறது. 1961இல் திறைசேரி ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறது: அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் கிடையாது. அரசாங்க லிகிதரான கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்படுகிறது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார். ஒரு சமூகத்தவருக்கு மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று, 1972 வரை நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சொன்னது. அதை வைத்துத்தான் வாதம். மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்க்கிறார்: மொழிச் சட்டம் செல்லாது!

இப்போது கவனியுங்கள். அரசு மேன்முறையீடு செய்கிறது. 1967இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றுகிறது. என்ன காரணத்தால்? மொழிச் சட்டம் செல்லும் என்பதால் அல்ல. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போடவே முடியாது என்ற காரணத்தால். அரசியலமைப்புக் கேள்வி அப்படியே ஓரமாக வைக்கப்படுகிறது. கோடீஸ்வரன், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் (Privy Council) வரை போகிறார். 1969இல் அவர்கள் சொன்னது: வழக்குப் போடலாம். ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை முதலில் இலங்கை உயர் நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். வழக்கு திரும்பி வருகிறது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்படுகிறது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவே இல்லாமல் போகிறது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த உச்ச மன்றமும் பதில் சொல்லவில்லை.

இதை ‘கோடீஸ்வரன் வென்றார்’ என்றோ ‘தோற்றார்’ என்றோ ஒரு வரியில் எழுதும் விடைத்தாளுக்குப் புள்ளி கிடைக்காது. அவர் சம்பளக் கேள்வியில் வென்றார், மொழிக் கேள்வி அந்தரத்தில் நின்றது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறவருக்குத்தான் பாடம் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு முந்திய கதையையும் சேர்த்தே பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தபோது 29(2)ஐ வைத்து வாதாடியது கொடக்கன் பிள்ளை வழக்கு. 1953இல் கோமறைக் கழகம், தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்று சொல்லி அதை நிராகரித்தது. பதினொரு வருடம் கழித்து, 1964இல், அதே கோமறைக் கழகம் 29(2) பற்றி மிகப் பலமான வார்த்தைகளைச் சொன்னது: இலங்கைப் பிரஜைகள் தங்களுக்குள் ஏற்றுக்கொண்ட உரிமைச் சமநிலை அது, மாற்ற முடியாதது என்று. எந்த வழக்கில் தெரியுமா? சிறுபான்மையினரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு இலஞ்ச வழக்கில். ரணசிங்க என்பவர் தன்னைத் தண்டித்த இலஞ்ச நியாய சபையின் நியமனமே செல்லாது என்று வாதாடிய வழக்கு அது. தேவைப்பட்ட இடத்தில் வராத வார்த்தை, தேவைப்படாத இடத்தில் வந்தது. வழக்கைத் தீர்க்க அவசியமான காரணத்துக்கும் போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1972இல் அந்த ‘மாற்ற முடியாத’ பிரிவுக்கு என்ன நடந்தது என்பது மேலே இருக்கிறது. அதைச் செய்து முடித்த அரசியல் நிர்ணய சபை கூடியது ரோயல் கல்லூரி நவரங்கஹல மண்டபத்தில். கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

லியனகே வழக்கை விரிவுரையாளர்கள் எப்படியும் நன்றாகவே சொல்லித் தருவார்கள், நான் நீட்டவில்லை. 1962 சதி முயற்சியில் பிடிபட்டவர்களுக்காகவே, பின்னோக்கிச் செல்லும்படி ஒரு சட்டம் செய்தார்கள். நீதித்துறையின் அதிகாரத்தில் சட்டமன்றம் கைவைத்தது என்று சொல்லி கோமறைக் கழகம் அவர்களை விடுதலை செய்தது.

அடுத்து நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 1987. மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலம் பற்றிய உயர் நீதிமன்றத் தீர்மானம். ஒன்பது நீதியரசர்கள். பிரதம நீதியரசர் சர்வானந்தாவும் இன்னும் மூவரும் சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லை என்றார்கள். நீதியரசர் வனசுந்தர உட்பட நால்வர் தேவை என்றார்கள். நடுவில் நின்ற நீதியரசர் ரணசிங்க, சில வாசகங்களுக்கு மட்டும் தேவை என்றார். அந்த வாசகங்களை மாற்றிச் சட்டமூலம் நிறைவேறியது.

இதை இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து வாசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். சட்டமூலத்தைக் காப்பாற்றிய நீதியரசர்கள், மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, பாராளுமன்றம் நினைத்தால் அவற்றின் அதிகாரத்தைத் திருப்பி எடுக்கலாம், அதனால் ஒற்றையாட்சிக்கு ஆபத்தில்லை என்று எழுத வேண்டியிருந்தது. எதிர்த்தவர்களோ, இது ஒற்றையாட்சியையே அசைக்கும் என்று அந்த அதிகாரங்களைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஆக, மாகாண சபை செல்லுபடியானது அது பலமில்லாதது என்று காட்டப்பட்டதால்தான். பதின்மூன்று பற்றி வெள்ளவத்தைத் தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை நடக்கிற எல்லாச் சண்டைக்கும் வேர் இதற்குள் இருக்கிறது. தீர்ப்பு நீளம், ஆனால் நான் சட்டம் படித்த காலத்தில் வாசித்தவற்றில் எனக்கு இன்றும் உதவுகிற தீர்ப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. யூடியூபில் தமிழில் தேடினால் இந்திய அரசியலமைப்பு வகுப்புகள்தான் மலைபோல வரும். நல்ல வகுப்புகள், ஆனால் அவற்றை வைத்து இலங்கை விடை எழுதாதீர்கள். அங்கே நிறைவேறிய சட்டத்தையே நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இங்கே 80(3) அந்தக் கதவை மூடிவிட்டது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்து குறித்த சில நாட்களுக்குள் 121இன் கீழ் மனுப் போடாவிட்டால் அதோடு சரி. அரசியலமைப்பின் அடித்தளத்தைத் திருத்தத்தால்கூட மாற்ற முடியாது என்கிற, இந்தியாவின் கேசவானந்த பாரதி வழக்கின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டையும் 1987இல் எங்கள் பெரும்பான்மை ஏற்கவில்லை. 121இன் அந்தக் குறுகிய கெடு எவ்வளவு கொடுமையானது என்பது, வர்த்தமானியைத் தேடி ஓடி, இரவோடு இரவாக மனு எழுதுகிற சட்டத்தரணிகளைப் பார்த்தால் விளங்கும்.

அடிப்படை உரிமை வழக்குகள் ஒப்பீட்டளவில் இலகு, படிக்கவும் ஆர்வமாக இருக்கும். 126இன் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒரு மாதத்துக்குள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. பிரச்சினைக் கேள்விகளில் இதைத்தான் ஒளித்து வைப்பார்கள். கொழும்புத் தமிழருக்கு மறக்காத உதாரணம் 2007 ஜூன். லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு கொடுத்தது. 2023 நவம்பரில் பொருளாதார நெருக்கடி வழக்கில் முன்னாள் சனாதிபதி உட்பட உயர்மட்டத்தினர் பொறுப்பென்று தீர்த்ததும் இதே 126இன் கீழ்தான்.

இனி ‘தமிழ் மாணவருக்குக் கூடுதல் கஷ்டமா’ என்ற பகுதி. ஆம், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. மொழி ஒரு சிக்கல்தான். பழைய தீர்ப்புகள் நியூ லோ ரிப்போர்ட்ஸில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2023இல் பாராளுமன்றத்தில் தோற்றாலும், வாசிப்புக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியாது. பக்கத்துக்குப் பக்கம் அகராதி பார்த்தாலும் முதல் தவணைக்குள் பழகிவிடும். புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தில் தமிழ் ஜூனியர்கள் எல்லோரும் கடந்து வந்த விஷயம் அது.

உண்மையான கஷ்டம் கோபம். மேலே சொன்ன வழக்குகள் எங்கள் வீடுகளில் பேசப்பட்டவை, அப்பாவோ பெரியப்பாவோ பட்டவை. பரீட்சையில் 29(2) வந்தவுடன் பேனா தானாக மேடைப் பேச்சு எழுதத் தொடங்கும். நான் திருத்திக் கொடுத்த ஜூனியர்களின் விடைகளில் அடிக்கடி கண்டது இதுதான்: மூன்று பக்கம் அநீதி, அரைப் பக்கம் சட்டம். கோபத்தை விடச் சொல்லவில்லை. சட்டமா அதிபர் பக்க வாதத்தையும் அதே கவனத்தோடு எழுதிப் பழகுங்கள், அவர்களே ஒப்புக்கொள்கிற அளவுக்கு நேர்மையாக. அதன் பிறகு அதை உடையுங்கள். 2017இல் சந்திரசோம வழக்கில், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது என்று தமிழரசுக் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வென்றது ஆவேசத்தால் அல்ல, ஒற்றையாட்சி, சமஷ்டி என்ற பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் உள்ள அதிகாரப் பகிர்வை நிதானமாகப் பிரித்துக் காட்டிய வாதத்தால். சிங்கள நண்பர் ஒருவரோடு சேர்ந்து படித்தால் இந்தப் பழக்கம் கெதியாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது, நிறையச் சண்டையும் வந்தது.

சில சில்லறை விஷயங்கள். மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிற குப்பி வகுப்புகளுக்குப் போங்கள், ஆனால் குப்பி நோட்டை மட்டும் நம்பாதீர்கள். திருத்தங்கள் வரும் வேகத்தில் அவை பழசாகிவிடும். 2018 நவம்பரில் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்த்தபோது, பாராளுமன்றத்தைச் சனாதிபதி தன்னிச்சையாகக் கலைக்க முடியாத காலமாக உறுப்புரை 70இல் இருந்தது நாலரை வருடம். 2020இல் இருபதாம் திருத்தம் அதை இரண்டரை ஆக்கியது. பழைய போட்டோகொப்பியில் இன்னமும் நாலரைதான் இருக்கும். பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பு மூன்று மொழியிலும் கிடைக்கிறது. 2022இன் இருபத்தோராம் திருத்தமும் சேர்ந்த பதிப்புத்தானா என்று பார்த்து இறக்குங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆண்டு வரிசைக்கு ஒரே விலக்காக அந்த 2018 தீர்ப்பையே முதலில் எடுங்கள், சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். நீங்கள் பள்ளிக்கூடம் போன வயதில் செய்தியில் பார்த்த சம்பவம், கதை தெரியும். 33(2)(இ) சனாதிபதிக்குத் தனியாக ஒரு கலைக்கும் அதிகாரம் தருகிறதா, அல்லது 70ஓடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் தீர்ப்பு முழுவதும் ஓடுகிறது. அதை முடித்துவிட்டு 1953இன் கொடக்கன் பிள்ளை வழக்குக்குப் போங்கள்.