"நீங்க சும்மா உட்காருங்கம்மா"

கேள்வி: எனக்கு 66 வயது. தென்காசிப் பக்கம் 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். கணவர் தவறியபின் கோவையில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மகனும் மருமகளும் தங்கமானவர்கள். எதைத் தொட்டாலும் "நீங்க சும்மா உட்காருங்கம்மா" என்பார்கள். இப்போது கழிப்பறையில் வாஷ்பேசினைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. பாதம் மதமதவென்று இருக்கிறது. சர்க்கரைக்கு 9 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரிக்கு இரண்டு இட்லி. தூக்கம் சரியில்லை. வயதானால் இப்படித்தானா? – கோவை வாசகி

பதில்: இல்லை அம்மா.

அந்த வாஷ்பேசின் விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. உங்கள் தொடைச் சதை இளைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 60 வயதுக்கு மேல் சதை குறைவது இயல்புதான். ஆனால் அரிசி மூட்டையும் அண்டாவுமாகப் புழங்கிய உடம்பை நாற்காலியில் உட்காரவைத்தால் இன்னும் சீக்கிரம் இளைத்துவிடும். வேலை கொடுத்தால் 80 வயதிலும் சதை தேறும்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். 30 நொடியில் எத்தனை முறை முடிகிறது? உங்கள் வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே போனால் கால் பலவீனம், விழும் வாய்ப்பும் கூடுதல். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லையா? பரவாயில்லை, ஊன்றியே தொடங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு எட்டாக மூன்று தடவை. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நில்லுங்கள். மூட்டு லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பாதம் மதமதப்பதற்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைவதும் உண்டு, அதனாலும் இப்படி வரும். அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேட்டு பி12 ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு இட்லியில் புரதம் நாலைந்து கிராம் தேறினால் அதிகம். இந்த வயதில் உடம்பின் எடை எத்தனை கிலோவோ, கிட்டத்தட்ட அத்தனை கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டையை எண்ணி எண்ணி வைத்தவர் நீங்கள். உங்கள் தட்டில் ஒன்று வைக்கக் கூடாதா? சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு, தயிர். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது. காலையில் எழுந்ததும் "இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டே 27 வருடம் இருந்தவருக்கு, இப்போது கேட்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் சும்மா இருந்தால் ராத்திரி தூக்கம் எப்படி வரும்? உங்கள் பிள்ளைகள் அன்பினால்தான் தடுக்கிறார்கள், விழுந்துவிடுவீர்களோ என்ற பயம். அதனால் சண்டை வேண்டாம். மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உட்கார்ந்தே இருந்தாத்தான்பா நான் விழுவேன். ஒரு வேலையை எனக்குன்னு விட்டுரு." காய்கறி வாங்குவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் மகனோடு, பிறகு தனியாக, வாரம் இரண்டு நாள் காலையில் உழவர் சந்தைக்குப் போய்வாருங்கள். நடந்த மாதிரியும் ஆயிற்று, நாலு பேரோடு பேசின மாதிரியும் ஆயிற்று. என்ன சமைப்பது என்பதில் உங்கள் சொல்லும் இருக்கும்.

பதிலுக்கு மகனிடம் ஒன்று கேளுங்கள்: கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வாஷ்பேசின் ஆளின் பாரத்தைத் தாங்கச் செய்தது இல்லை. அதைப் பிடித்து எழுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா.

ஒரு மாதம் கழித்து அந்த 30 நொடிக் கணக்கை எனக்கு எழுதுங்கள்.