டெஸ்ட் பாஸ், லாகின் ஃபெயில்

கேள்வி: எங்கள் அலுவலகம் சிங்கப்பூர் ஊபியில். ஊழியர்கள் ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகக் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) கடவுச்சொல்லாலேயே விபிஎன்னில் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான வழி) நுழையட்டும் என்று ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலில் எல்டாப் சர்வரை (அந்தக் கணக்குகளைத் தேடித் தரும் சர்வர்) சேர்த்தோம். இணைப்பு டெஸ்ட் வெற்றி என்கிறது. ஆனால் ஒருவராலும் நுழைய முடியவில்லை. ஏன்?
– வாசகர், ஊபி

பதில்: அந்த டெஸ்ட் பார்ப்பது சர்வர் எட்டுகிறதா, நீங்கள் கொடுத்த பைண்ட் கணக்கு (ஃபயர்வால் டைரக்டரிக்குள் நுழையப் பயன்படுத்தும் கணக்கு) செல்லுமா என்பதை மட்டும்தான். ஊழியரைத் தேடிப் பிடிப்பது அடுத்த வேலை. பக்கத்திலேயே பயனர் கடவுச்சொல்லைச் சோதிக்கும் பொத்தான் இருக்கிறது; சாதாரண ஊழியர் ஒருவரின் கணக்கை வைத்து அதை அழுத்துங்கள்.

முதல் சந்தேகம், பெயர் அடையாளப் புலம். எந்தப் பெயரை வைத்துத் தேடுவது என்று சொல்லும் இடம் அது. ஃபோர்ட்டிகேட் தானாக அதில் 'சிஎன்' (cn) என்று போட்டுவைக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் சிஎன் என்றால் பெரும்பாலும் 'டான் வெய் மிங்' என்ற முழுப்பெயர். ஊழியர் தட்டுவதோ 'வெய்மிங்'. தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதை, லாகின் பெயரைக் குறிக்கும் 'எஸ்ஏஎம்அக்கவுண்ட்நேம்' (sAMAccountName) என்று மாற்றுங்கள். தேடல் எங்கே தொடங்கும் என்று சொல்லும் பேஸ் டிஎன்னையும் பாருங்கள்: 'யூசர்ஸ்' கோப்புறையோடு நிறுத்தியிருந்தால், தனி ஓயூவில் (டைரக்டரியின் உட்பிரிவு) இருக்கும் ஊழியர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். டொமைன் வேரிலிருந்து கொடுங்கள்.

அதற்குப் பிறகும் தகராறு என்றால் ஃபயர்வாலின் டீபக் பதிவில் (ஒவ்வொரு படியும் எழுதப்படும் விவரப் பதிவு) பிழை 49-ஐத் தேடுங்கள். அதோடு வரும் 'டேட்டா' எண்தான் உண்மையைச் சொல்லும்: 525 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை, 52e கடவுச்சொல் தவறு, 532 கடவுச்சொல் காலாவதி, 533 கணக்கு முடக்கம், 775 பூட்டு.

நுழைய முடிந்ததும் குழுவைக் கவனியுங்கள். ஃபயர்வால் குழுவில் எல்டாப் சர்வரை மட்டும் சேர்த்து, டைரக்டரிக் குழுவைக் காலியாக விட்டால் கணக்குள்ள எல்லாரும் உள்ளே வருவார்கள். வேலையை விட்டுப் போனவரின் மூடாத கணக்கும்தான். 'டொமைன் யூசர்ஸ்' குழுவைப் போட்டாலும் உதவாது; வழக்கமாக அதில் எல்லாருமே இருப்பார்கள். விபிஎன்னுக்கென்று தனிக் குழு தொடங்கி, ஆட்களை நேரடியாகவே சேருங்கள்.

எல்டாப்பின் வழக்கமான போர்ட் 389-ல் கடவுச்சொல் மறைப்பில்லாமல் போகும். மறைத்து அனுப்பும் 636-க்கு மாறி, சர்வருக்குச் சான்றிதழ் வழங்கிய சிஏவின் (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழை ஃபயர்வாலில் ஏற்றுங்கள். சர்வரை ஐபியால் குறிக்காமல், சான்றிதழில் உள்ள முழு டொமைன் பெயரால் குறியுங்கள். இல்லாவிட்டால் பெயர் பொருந்தாமல் இணைப்பு அறும். காலாவதியான கடவுச்சொல்லை விபிஎன் வழியே மாற்றவும் 636 வேண்டும்.

பைண்ட் கணக்குக்கு டொமைன் அட்மின் உரிமை கொடுப்பது சோம்பேறித்தனம். பயனரைத் தேடப் படிக்கும் உரிமை போதும்; விபிஎன் வழியே கடவுச்சொல்லை மாற்றவும் வேண்டுமென்றால், பயனர் கடவுச்சொல்லை மாற்றும் உரிமையை மட்டும் கூடக் கொடுங்கள். நீளமான, காலாவதியாகாத கடவுச்சொல் வையுங்கள். அது காலாவதியானால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கதவு மூடிவிடும்.