புதுநன்மைக்கு எது தகுதி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். இந்த வருடம் 26 பிள்ளைகள் புதுநன்மைக்கு, அதாவது திருப்பலியில் இயேசுவின் உடலாகும் அப்பத்தை முதன்முறையாக வாங்குவதற்கு, தயாராகிறார்கள். செபங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக ஒப்பிக்க வேண்டும், கேள்வி-பதிலில் தேர்வும் உண்டு. 25 பேர் தேறிவிட்டார்கள். ஒரு பையனுக்கு மட்டும் எதுவும் மனதில் நிற்பதில்லை. விசுவாசப் பிரமாணம் என்ற செபத்தில், இயேசுவுக்குத் தண்டனை விதித்த பொந்தியு பிலாத்துவின் பெயர் வரைக்கும் வருவான், அங்கேயே நின்றுவிடுவான். எத்தனை முறை ஆரம்பித்தாலும் பிலாத்துவைத் தாண்ட மாட்டான். அவனை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார்.

ஆனால் போன வாரம் அவன்தான் கேட்டான்: "டீச்சர், அப்பம் எப்ப இயேசுவா ஆகுது? மணி அடிக்கும்போதா, அதுக்கு முன்னாடியா?" வகுப்பே சிரித்தது.

இன்னொன்று. நன்மைக்கு முன் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் என்றாலே பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ஒரு சிறுமிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. முதலில் நன்மை கொடுத்துவிட்டு, இதை ஓரிரு வருடம் தள்ளி வைத்தால் என்ன? நீங்களும் சில காலம் மறைக்கல்வி எடுத்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

ஆறு வருடம் ஞாயிறு வகுப்பு எடுத்திருக்கிறேன். நல்ல ஆசிரியனாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆகவே உங்கள் பள்ளிக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு அவ்வளவாக இல்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்தப் பையனிடம் திருச்சபை என்னதான் எதிர்பார்க்கிறது? திருச்சபைச் சட்டம் 913-ஐ எடுத்துப் பாருங்கள். போதிய அறிவும் கவனமான தயாரிப்பும் வேண்டும் என்கிறது. கிறிஸ்துவின் மறைபொருளைத் தன் அளவுக்கு ஒரு பிள்ளை புரிந்திருக்க வேண்டும், ஆண்டவருடைய உடலை விசுவாசத்தோடும் பக்தியோடும் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். 'தன் அளவுக்கு' என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை சாகக் கிடக்கிறது என்றால் இதுவும் இன்னும் சுருங்குகிறது: சாதாரண உணவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்து, மரியாதையோடு வாங்கினால் போதும். ஒப்பித்தல் என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை.

இது சும்மா வந்த சலுகை இல்லை. 1215-ல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், புத்தி விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா என்னும் உயிர்ப்புக் காலத்தில் நன்மை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. காலப்போக்கில் அந்த வயதை இழுத்துக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் பத்து, வேறிடத்தில் பன்னிரண்டு, இன்னோரிடத்தில் பதினான்கு. நற்கருணையின்மேல், அதாவது அந்த அப்பத்தின்மேல், உள்ள மரியாதை என்றுதான் இதற்குக் காரணம் சொன்னார்கள்.

1910 ஆகஸ்ட் 8-ம் தேதி, பத்தாம் பயஸ் பாப்பரசராக இருந்தபோது, 'குவாம் சிங்குலாரி' என்ற ஆணை வந்தது. பிள்ளைகளை நன்மையிடமிருந்து தள்ளி வைக்கும் வழக்கத்தை அது போட்டு உடைத்தது. வயது ஏழு, அதையொட்டிக் கொஞ்சம் முன்னேபின்னே. முழு மறைக்கல்வி அறிவு முதல் நன்மைக்குத் தேவையில்லை, அதைப் பிற்பாடு படிப்படியாகக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. தேவையானது, நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிவது.

அந்த ஆணையில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. சாகும் நிலையில் இருக்கும் புத்தி தெரிந்த பிள்ளைகளுக்குக்கூட நன்மை கொடுக்காமல், கைக்குழந்தைகளுக்கு உரிய சடங்கோடு அடக்கம் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. அதைப் பொறுக்கவே முடியாத தவறு என்று கடிந்துகொள்கிறது ஆணை. நாம் தகுதி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகள் வெறும் வாயோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வேர் எங்கே என்றும் அதே ஆணை காட்டுகிறது: நற்கருணையை மனித பலவீனத்துக்கு மருந்து என்று பார்க்காமல், நல்லவனுக்குக் கிடைக்கும் பரிசு என்று பார்த்த ஜான்சனியர் என்ற கடுங்கண்டிப்பான கத்தோலிக்கக் குழுவினரின் தவறான போதனை. மனப்பாடத் தேர்வில் தேறியவனுக்கு நன்மை, தேறாதவனுக்கு அடுத்த வருடம் என்னும்போது, அந்தப் பரிசுக் கணக்கு கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இது இன்னும் எளிதாக நடக்கும். மறைக்கல்வியும் கணக்குப் பாடமும் ஒரே அட்டவணையில், ஒரே கரும்பலகையில் நடக்கின்றன. மதிப்பெண் போட்டுப் பழகிய கை இங்கே மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

மனப்பாடத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துபோன முதியவர்கள், 'அருள் நிறைந்த மரியே' செபத்தைப் பிசகில்லாமல் சொல்லிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதில் உள்ளே போனது அது. ஆனால் அது தேர்வுக்காக உள்ளே போகவில்லை, தினமும் யாரோடோ சேர்ந்து சொல்லிப் போனது. உங்கள் பையனைத் தனியாக எழுப்பி நிறுத்தாமல், எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். மற்ற 25 பேரும் கைப்பிடித்து அவனைப் பிலாத்துவைத் தாண்டிக் கூட்டிப் போய்விடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது முடிவு யார் கையில் என்ற விஷயம். சட்டம் 914-ன்படி, பிள்ளையைத் தயாரித்துக் காலம் தாழ்த்தாமல் நன்மை வாங்கச் செய்யும் கடமை முதலில் பெற்றோருக்கு, பிறகு பங்குத்தந்தைக்கு. தயாராகாத பிள்ளையை நிறுத்தி வைக்கும் பொறுப்பும் பங்குத்தந்தையுடையதுதான். பள்ளியைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அந்தச் சட்டம் உட்கார வைக்கவில்லை. எனவே அம்மாவையும் பையனையும் பங்குத்தந்தையிடம் அனுப்புங்கள். அவர் அவனோடு ஐந்து நிமிடம் பேசட்டும். நீங்களும் கூடப் போனால் நல்லது. போகும்போது தேர்வுத்தாளை எடுத்துப் போகாதீர்கள். அவன் கேட்ட கேள்வியைச் சொல்லுங்கள்.

பாவசங்கீர்த்தன விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு காலத்தில் நானும் இப்படியே பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பல நாடுகளில் இதைச் செய்தும் பார்த்தார்கள்: முதலில் நன்மை, சில வருடம் கழித்து ஒப்புரவு, அதாவது பாவசங்கீர்த்தனம். 1973 மே மாதத்தில் ரோமை அந்தப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. முதல் நன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் என்பது இப்போது 914-லேயே இருக்கிறது. சட்டம் சொல்கிறதே என்று மட்டும் நான் மனம் மாறவில்லை. பயம் நிஜம், ஆனால் அதைக் கிளப்பிவிடுவது நாம் சொல்லிக்கொடுக்கும் விதம். தள்ளி வைத்தால் பத்து வயதில் இன்னும் பெரிய பயமாக வந்து நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். (இரகசியம் காக்கும் கடமை குருவுக்குத்தான், எனக்கு இல்லை.) முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள், ஆளுக்கு ஐந்து பாவமாவது யோசித்து வரச் சொன்னார்கள். எனக்கு நான்குதான் தேறியது. ஐந்தாவதாக, பக்கத்துப் பையனின் பென்சிலைத் திருடினேன் என்று சேர்த்துக்கொண்டேன். திருடவே இல்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மண்டியிட்டு, வியர்த்து, ஐந்தையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "எடுத்த பென்சிலத் திருப்பிக் குடுத்துடு, என்னப்பா?" வெளியே வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் என்னுடைய புதுப் பென்சிலை அவன் பைக்குள் போட்டுவிட்டேன். அவன் நல்லவன். இது யாருடையது, யாருடையது என்று வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தான். என்னிடமும் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

பாவமன்னிப்பு வாங்கிய மறுநாளே இரண்டாவது பொய். இதற்குக் காரணம் பாவம் அல்ல, பட்டியல். எண்ணிக்கை கேட்டால் பிள்ளை எண்ணிக்கையைத்தான் கொண்டுவரும்.

அதனால், அச்சடித்த பாவப் பட்டியலைக் கையில் கொடுக்காதீர்கள். லூக்கா 15-ல் ஊதாரி மகன் கதையைச் சொல்லுங்கள். வழியில் தகப்பனிடம் சொல்வதற்காக அவன் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். சொல்ல ஆரம்பிக்கிறான், தகப்பன் அதை முடிக்கவே விடுவதில்லை. பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பிறகு, உன்னால் யார் அழுதார்கள் என்று ஒரே ஒரு கேள்வி போதும், மற்றதெல்லாம் தானாக வரும். சாவான பாவங்கள் எனப்படும் கனமான பாவங்களைத்தான் கட்டாயம் அறிக்கையிட வேண்டும், அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது என்றுதான் திருச்சபை சொல்கிறது. ஏழு வயதில் கணக்குத் தீர்க்க எதுவும் இல்லை.

காய்ச்சல் வந்த அந்தச் சிறுமியை, கோயிலில் யாரும் இல்லாத நேரத்தில் கூட்டிப்போய்க் கூண்டைக் காட்டுங்கள். கதவைத் திறந்து, மூடி, உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். குரு உட்காரும் இடத்திலும் உட்கார விடுங்கள். 1973-ல் வந்த புதிய ஒப்புரவுச் சடங்குமுறைக்குப் பிறகு, குருவுக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசும் முறையும் பரவலாகிவிட்டது. எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும். வார்த்தை மறந்துவிட்டால் குருவே எடுத்துக்கொடுப்பார் என்று சொல்லிவையுங்கள். அதைவிட முக்கியமாகப் பெற்றோரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வெளியே வந்ததும் "என்ன சொன்ன?" என்று கேட்கக் கூடாது. குரு உயிர் போனாலும் சொல்ல மாட்டார் என்று பிள்ளையை நம்ப வைத்துவிட்டு, வாசலில் நின்று நாமே விசாரித்தால் அந்த நம்பிக்கை அங்கேயே முடிந்தது.

நன்மை வாங்கிப் பழக்கும் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பலியில் இன்னும் அர்ச்சிக்காத ஓஸ்தியை, அதாவது மெல்லிய அப்பத்தை, வைத்துத்தான் நாங்களும் பழக்குவோம். எச்சிலில் நனைந்ததும் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டுச் சுரண்டாதே, நாக்கால் தள்ளு, பொறுமையாக இரு என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். கையில் வாங்க, இடக்கையை வலக்கைக்கு அரியணையாக்கு என்று எருசலேமின் புனித சிரில் நான்காம் நூற்றாண்டில் சொன்னதைச் சொல்வேன். அரியணை என்றதும் கைகள் தாமாக நேராகும். (இப்போது பெரும்பாலும் இடக்கை மேலே இருக்கிறது, வலக்கையால் எடுத்து உண்பதற்காக.) ஒருமுறை ஒரு சிறுமி அதை மென்றுகொண்டே கேட்டாள்.

"அன்னைக்குக் குடுக்கறது வேற ருசியா இருக்குமா?"

"இல்லம்மா, இதே ருசிதான்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

என் ஆறு வருடத்தில் கேட்ட ஒரே சரியான கேள்வி அது. நான் அன்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பேசலாம் என்றேன். அடுத்த வாரம் ஆடை ஒத்திகை வந்துவிட்டது.

அந்த அடுத்த வாரத்தைப் பற்றித்தான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன். சிரில் பெயரில் உள்ள மறைபொருள் உரைகள் புதிதாகத் திருமுழுக்கும் நற்கருணையும் பெற்றவர்களுக்குப் பாஸ்கா வாரத்தில் சொன்னவை. அதாவது வாங்கியதற்குப் பிறகு. முதலில் வாங்கச் செய்து, அப்புறம் உனக்கு என்ன நடந்தது தெரியுமா என்று விளக்கியிருக்கிறார்கள். நாமோ எல்லாவற்றையும் முன்னாலேயே திணித்துவிட்டு, புகைப்படம் எடுத்த கையோடு வகுப்பைக் கலைத்துவிடுகிறோம். முடிந்தால் புதுநன்மைக்குப் பிறகு நான்கு வாரமாவது அதே 26 பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாடம் வேண்டாம். வாங்கும்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து, திருமுழுக்கின் அருளை உறுதிப்படுத்தும் அருட்சாதனமான உறுதிப்பூசுதல் எந்த வயதில் என்பது ஆயர் பேரவைகளின் முடிவைப் பொறுத்தது. சில இடங்களில் பல வருட இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள்.

அப்பத்துக்கும் அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றது 1910 ஆணை. எந்த நொடியில் அது மாறுகிறது என்று உங்கள் பையன் கேட்கிறான். மாறுகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இன்னும் சொல்லவில்லை என்றால், மணியைக் கவனிக்க வேண்டாம், "இது என் உடல்" என்று குரு சொல்லும் இடத்தைக் கவனி, மணி நமக்கு அதைக் காட்டிக்கொடுக்கத்தான் என்று சொல்லுங்கள். அடுத்த திருப்பலியில் அவனைப் பீடம் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். அப்புறம் என்ன கேட்டான் என்று எனக்கும் எழுதுங்கள்.